கிறீச்சிடும் டிராயர்

மேசையில் டிராயர் இருக்கும். மர அலமாரியில் இருக்கும். இரும்பு பீரோவிலும் இருக்கும். புத்தகத்தில் இதை இழுப்பறை என்று எழுதுவார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது டிராயர்தான்.

உங்கள் வீட்டு டிராயரைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? ரேஷன் கார்டு இருக்கும். வாக்காளர் அட்டை இருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் இருக்கும். வங்கி பாஸ்புக் இருக்கும். நகை அடகு வைத்த சீட்டு இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கும்.

வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் எது? பலரும் டிவியைக் காட்டுவார்கள். டிவி கெட்டால் இன்னொரு டிவி வாங்கலாம். இருபது வருடத்துக்கு முந்தைய மின்சார ரசீது தொலைந்தால்? அதை எந்தக் கடையில் வாங்குவது?

இப்படிப்பட்ட டிராயர் ஒரு நாள் 'கிறீச்' என்று கத்துகிறது. யாரும் கவனிப்பதில்லை. கொஞ்சம் பலமாக இழுக்கிறோம். வந்துவிடுகிறது. பிறகு மழைக்காலம் வருகிறது. கிறீச் என்ற சத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் டிராயரும் நின்றுவிடுகிறது. இழுத்தாலும் வருவதில்லை. தள்ளினாலும் போவதில்லை.

சத்தம் கேட்ட அன்றே பார்த்திருந்தால் ஐந்து ரூபாய் மெழுகுவர்த்தியோடு வேலை முடிந்திருக்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

டிராயர் என்பது ஒரு பெட்டி. முன்னால் ஒரு பலகை. அதில் கைப்பிடி. இரண்டு பக்கமும் இரண்டு பலகைகள். பின்னால் ஒன்று. அடியில் ஒன்று. மேசைக்குள் இடது பக்கமும் வலது பக்கமும் இரண்டு சட்டங்கள் இருக்கும். பக்கப் பலகைகளின் அடி விளிம்பு இந்தச் சட்டங்களின் மேல் ஓடும். ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடுவது போல. ஒரே ஒரு வித்தியாசம். ரயிலுக்குச் சக்கரம் உண்டு. மர டிராயருக்குச் சக்கரம் இல்லை. மரத்தின் மேல் மரம் உரசித்தான் போக வேண்டும்.

சட்டம் வழவழப்பாக இருந்தால் டிராயர் அமைதியாக ஓடும். சொரசொரப்பாக இருந்தால் என்ன ஆகும்? டிராயர் ஓர் இடத்தில் ஒட்டும். நாம் இழுப்போம். விடுபட்டு வழுக்கும். அடுத்த நொடியே மறுபடி ஒட்டும். மறுபடி வழுக்கும். இது கண்ணுக்குத் தெரியாது. ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். அப்போது பலகை நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் நம் காதில் சத்தமாகக் கேட்கிறது.

டிராயர் உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி அல்லவா? அதனால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். வீணைக்குக் குடம் இருப்பது இதற்காகத்தான். இங்கேதான் இசை வருவதில்லை!

மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சில் மை போடாத வண்டி ஊருக்கே கேட்கும்படி கத்தும். டிராயரின் கதையும் அதுதான். ஆனால் வண்டிக்குப் போடும் மையை டிராயருக்குப் போடக் கூடாது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

மழையில் ஏன் மாட்டிக்கொள்கிறது?

மரம் வெட்டி, அறுத்து, பலகையாகி, மேசையாகிவிட்டது. அதற்குப் பிறகும் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் பருக்கும். வெயில் காலத்தில் ஈரம் வெளியே போகும். மரம் சுருங்கும். வருடா வருடம் இது நடக்கும். ஐம்பது வருடப் பழைய மேசையும் மழைக்குப் பருக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலகையில் கோடு கோடாக ரேகை தெரிகிறது அல்லவா? அந்த ரேகை ஓடும் நீளவாக்கில் மரம் பருப்பதே இல்லை என்று சொல்லலாம். ரேகைக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில்தான் பருக்கும்.

டிராயரின் பக்கப் பலகையைப் பாருங்கள். ரேகை முன்னிருந்து பின்னாகப் போகும். அப்படியானால் எந்தத் திசையில் பருக்கும்? மேலும் கீழுமாக. பலகை உயரமாகிவிடும். மேலே உள்ள சட்டத்தில் இடிக்கும். ஆகவே மழையில் சிக்கிய டிராயர் பெரும்பாலும் பக்கவாட்டில் சிக்குவதில்லை. மேலும் கீழும்தான் சிக்குகிறது. பலர் பக்கவாட்டில் உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்து உட்காருவார்கள். தேய்த்த இடம் வேறு. சிக்கிய இடம் வேறு.

எவ்வளவு பருக்கும்? நான்கு அங்குல உயரப் பலகை மழையில் ஒரு மில்லிமீட்டர் வரை பருக்கலாம். நான்கைந்து தபால் அட்டைகளை அடுக்கினால் வரும் கனம் அது. பார்க்கச் சின்ன அளவு. ஆனால் இடைவெளியே அவ்வளவுதான் என்றால் டிராயர் எப்படி நகரும்?

தேக்கு மரம் குறைவாகப் பருக்கும். அதனால்தான் தேக்குக்கு அவ்வளவு மதிப்பு. மாமரப் பலகை கூடுதலாகப் பருக்கும்.

நம் நாடு பெரியது. எல்லா ஊரிலும் காற்று ஒன்று போல இருக்காது. ராஜஸ்தானில் ஜோத்பூர் வறண்ட ஊர். அங்கே மர சாமான்கள் ஏராளமாகச் செய்கிறார்கள். அங்கே செய்த மேசை லாரியில் ஏறி மும்பைக்கும் கொச்சிக்கும் வருகிறது. ஜோத்பூரில் வழுக்கிக்கொண்டு ஓடிய டிராயர், கொச்சியின் ஜூன் மாத மழையில் இறுகிப் போகிறது. செய்த ஆசாரி மேல் பிழை இல்லை. ஊர் மாறியதுதான் காரணம். இதற்கு நேர் மாறாகவும் நடக்கும். கடலோர ஊரில் செய்த மேசையை டில்லிக்குக் கொண்டு போனால் மரம் சுருங்கும். டிராயர் லொடலொட என்று ஆடும். சில பலகைகளில் வெடிப்பும் விழும்.

எந்த மாதத்தில் சிக்கும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். மும்பையிலும் கேரளத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

தாராவியில் ஒரு வீடு

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். குடிசைப் பகுதிகளை இடித்து மாடி வீடு கட்டும் திட்டம் அங்கே உண்டு. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. அதற்கு முன்பே குடியிருந்ததைக் காகிதத்தில் காட்ட வேண்டும். 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள்.

அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஒரே அறை. ஒரு பழைய மேசை. மேசையில் ஒரு டிராயர். 1998-ஆம் வருட மின்சார ரசீது அந்த டிராயரில் இருக்கிறது. மாதம் ஜூலை. கணக்கெடுப்பவர்கள் நாளை வருவார்கள். டிராயர் திறக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா சுத்தியலை எடுத்துவிட்டார். அதே சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் மர வேலை செய்தவர். அவர் எட்டிப் பார்க்கிறார்.

"என்ன தங்கச்சி, சுத்தியலும் கையுமா நிக்கே?"

"டிராயர் திறக்க மாட்டேங்குது அண்ணாச்சி. உள்ளதான் எல்லா காகிதமும் இருக்கு. ஒரு போடு போட்டா வந்துராதா?"

"வரும். முன் பலகை மட்டும் தனியா வரும். சுத்தியலைக் கீழ வை. முதல்ல மேசைக் காலைப் பாரு."

"திறக்காதது டிராயரு. நீங்க காலைப் பாக்கச் சொல்லுதீங்க?"

"ஆமா. நாலு காலும் தரையில நிக்குதா?"

நிற்கவில்லை. ஒரு கால் அந்தரத்தில் இருந்தது. தரை சமமில்லை. மேசை லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது. மேசை முறுக்கினால் டிராயர் போகும் வழியும் கோணலாகும். கோணல் வழியில் நேரான பெட்டி எப்படிப் போகும்? பெரியவர் ஒரு அட்டையை நான்காக மடித்தார். அந்தரத்தில் நின்ற காலின் கீழே வைத்தார். டிராயர் ஒரு விரல்கடை நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

"பாதி நோய் போச்சு. இனி மீதி" என்றார் அவர்.

உங்கள் வீட்டிலும் இதையே முதலில் பாருங்கள். செலவு இல்லை. பல டிராயர்களின் சத்தம் இந்த ஓர் அட்டையோடு நின்றுவிடும்.

சிக்கிய டிராயரைத் திறப்பது

அடுத்து அவர் இரும்பு அடிக்கோல் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருக்கும் அடிக்கோல்தான். டிராயர் விரல்கடை திறந்திருக்கிறது அல்லவா? அந்த இடைவெளி வழியாக அடிக்கோலை உள்ளே விட்டார். மேலே துருத்திக்கொண்டிருந்த காகிதங்களை மெல்ல அமுக்கினார். ஒரு நோட்டுப் புத்தகத்தின் மூலை மேல் சட்டத்தில் மாட்டியிருந்தது. அதையும் அமுக்கிவிட்டார்.

பிறகு இழுத்தார்கள். எப்படி இழுத்தார்கள் என்பது முக்கியம். கைப்பிடி நடுவில் இருக்கிறது. அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் திருகாணி பிய்ந்து கைப்பிடி மட்டும் வரும். இப்போது வரும் சில கைப்பிடிகள் பார்க்க அழகாக இருக்கின்றன. சுமை இழுக்க உதவுவதில்லை. ஆகவே முன் பலகையின் இரண்டு ஓரங்களையும் இரண்டு கையால் பிடிக்க வேண்டும். இடது பக்கம் கொஞ்சம். வலது பக்கம் கொஞ்சம். மாறி மாறி அசைத்து இழுக்க வேண்டும். வேகம் வேண்டாம். பொறுமை போதும்.

அதற்கும் வரவில்லை என்றால் மேசையைத் திருப்புங்கள். பின்பக்கம் மெல்லிய பிளைவுட் பலகை அடித்திருக்கும். அதன் திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றலாம். ஆணியாக இருந்தால் மெல்ல நெம்பலாம். பலகை விலகினால் டிராயரின் முதுகு தெரியும். உள்ளங்கையை வைத்துப் பின்னிருந்து தள்ளுங்கள். டிராயர் முன்னால் வந்துவிடும். நிறையப் பேருக்கு இந்த வழி தெரியாது. முன்னாலேயே நின்று மல்லுக் கட்டுவார்கள்.

சிலர் ஈரம் போக அடுப்பையோ மெழுகுவர்த்திச் சுடரையோ பக்கத்தில் வைப்பார்கள். வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது காகிதம். அவசரம் இல்லாவிட்டால் மின்விசிறியை மேசைப் பக்கம் திருப்பி ஓரிரு நாள் ஓட விடுங்கள். மழை விட்ட நாளாக இருந்தால் நல்லது.

அந்த வீட்டில் பின்பக்கப் பலகையைத்தான் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியதும் டிராயருக்குப் பின்னால் ஒரு காகிதம் கசங்கிக் கிடந்தது. விசிறி மடிப்பு போல மடிந்திருந்தது. அதுதான் 1998-ஆம் வருட ரசீது.

அது எப்படி அங்கே போனது? டிராயரின் பின் பலகை மற்ற பலகைகளை விடக் குட்டையாக இருக்கும். டிராயர் நிரம்பி வழிந்தால் மேலே உள்ள காகிதம் பின்னால் நழுவி விழும். ஒவ்வொரு தடவை மூடும்போதும் டிராயர் அதை இடித்து நசுக்கும். நமக்குத் தெரியாது. 'இருந்த காகிதத்தைக் காணோமே' என்று வீடு முழுவதும் தேடுவோம். பிள்ளைகளைத் திட்டுவோம்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. டிராயர் முழுவதும் மூடாமல் கொஞ்சம் வெளியே துருத்தி நிற்கும். அப்படி நின்றால் அழுத்தி மூடாதீர்கள். வெளியே எடுத்துப் பின்னால் பாருங்கள்.

உரசும் இடத்தைக் கண்டுபிடிப்பது

டிராயரை வெளியே எடுத்தாகிவிட்டது. பொருள்களை ஒரு துணியில் கொட்டுங்கள். இரண்டு மூன்று டிராயர் உள்ள மேசை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு டிராயரின் பின்னாலும் பென்சிலால் 1, 2, 3 என்று எழுதுங்கள். பார்க்க எல்லாம் ஒரே அளவு போல இருக்கும். கையால் செய்தவை ஒரே அளவில் இருக்காது. ஆசாரி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கு ஏற்ப இழைத்திருப்பார். இடம் மாற்றிப் போட்டால் புதிதாகச் சிக்கல் வரும்.

இப்போது வெளிச்சத்தில் பாருங்கள். உரசும் இடம் பளபளவென்று இருக்கும். சில நேரம் கறுத்திருக்கும். சரியாகத் தெரியவில்லையா? ஒரு சாக்பீஸ் எடுங்கள். பக்கப் பலகைகளின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தடவுங்கள். டிராயரை உள்ளே விட்டு நாலைந்து தடவை இழுத்து மூடுங்கள். மறுபடி வெளியே எடுங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அதுதான் உரசும் இடம்.

விரலால் தடவியும் பாருங்கள். மெதுவாகத் தடவுங்கள், சிராய் ஏறும். ஆணியின் தலை வெளியே வந்திருக்கிறதா? அப்படியானால் அதுதான் கத்துகிறது. இன்னொரு ஆணியின் முனையை அதன் தலை மேல் வைத்துத் தட்டினால் உள்ளே போய்விடும்.

சட்டத்தில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா? தீபாவளிக்கு மேசைக்குப் பெயிண்ட் அடிக்கும்போது டிராயரின் உள்பக்கத்துக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஈரக் காற்றில் பெயிண்டும் பெயிண்டும் ஒட்டிக்கொள்ளும். உரசும் விளிம்புகளில் பெயிண்ட் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

எதைத் தடவுவது?

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தேங்காய் எண்ணெய். தடவினால் சத்தம் அன்றைக்கு நிற்கும். நாலு நாளில் மரம் எண்ணெயைக் குடித்துவிடும். மிச்ச எண்ணெயில் தூசி ஒட்டும். பிசுபிசுப்பாகும். சிக்கு வாடை வரும். எறும்பு வரும். குளிர் ஊர்களில் தேங்காய் எண்ணெய் உறைந்தும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் காகிதத்தில் ஏறும். சான்றிதழில் எண்ணெய்க் கறை பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? கிரீசும் இப்படித்தான். வண்டி மையும் இப்படித்தான். மரத்துக்கு இவை ஆகாது.

மெழுகுவர்த்திதான் நல்லது. மின்சாரம் போன அன்றைக்கு ஏற்றி மிஞ்சிய துண்டு போதும். முதலில் உப்புத்தாளால் உரசும் இடத்தை லேசாகத் தேய்க்க வேண்டும். ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தூளைத் துணியால் துடைக்க வேண்டும். பிறகு மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்க்க வேண்டும். பக்கப் பலகையின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு இரண்டிலும் தேய்க்க வேண்டும். மேசைக்குள் இருக்கும் சட்டங்களிலும் தேய்க்க வேண்டும். பலர் டிராயரில் மட்டும் தேய்த்துவிட்டுச் சட்டத்தை மறந்துவிடுவார்கள்.

மெழுகை உருக்கி ஊற்றக் கூடாது. கட்டி கட்டியாக உறையும். கையும் சுடும். பச்சையாகத் தேய்த்தாலே மரத்தின் நுண்ணிய பள்ளங்களில் மெழுகு நிரம்பும். மேடு பள்ளம் போய்விடும். மெழுகில் தண்ணீர் ஒட்டாது. அதனால் மழையிலும் நிற்கும்.

மெழுகு இல்லை என்றால் உலர்ந்த குளியல் சோப்புத் துண்டைத் தேய்க்கலாம். சோப்பு ஈரத்தை இழுக்கும். ஆணி துருப்பிடிக்கும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மெழுகு தேய்த்தும் நிற்காத சத்தம்

சில டிராயர்கள் பெட்டியாகவே தளர்ந்திருக்கும். கையில் எடுத்து அசைத்தால் ஆடும். அதை உள்ளே தள்ளினால் கோணலாகப் போய்ச் சிக்கும். மூலைகளில் உள்ள பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். ஃபெவிகால் வைத்துச் சேர்த்து அழுத்துங்கள். சுற்றிலும் கயிறு கட்டி இறுக்குங்கள். கயிற்றுக்குள் ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் நன்றாக இறுகும்.

பெட்டி சதுரமாக நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு நூலை எடுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை அளங்கள். மற்ற இரண்டு மூலைகளையும் அதே நூலால் அளங்கள். இரண்டும் ஒரே நீளம் என்றால் பெட்டி நேராக இருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடிக்கிறாரே, அதே கணக்குதான். ஒரு நாள் முழுவதும் காய விடுங்கள்.

சிலவற்றில் அடிப்பலகை தொங்கியிருக்கும். கனமான பொருளை வைத்து வைத்துப் பலகை வளைந்துவிடும். அது கீழே உள்ள கட்டையில் உரசும். அடிப்பலகை பெரும்பாலும் ஒரு காடியில் செருகியிருக்கும். பின்னால் இரண்டு ஆணி இருக்கும். ஆணியை எடுத்தால் பலகை உருவ வரும். அதைக் குப்புறத் திருப்பிச் செருகுங்கள். வளைவு மேல் பக்கம் வந்துவிடும். உரசல் நிற்கும். சுத்தியல், ஆணி, திருகாணி, இரும்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் டிராயரில் போடும் பழக்கத்தை விடுவது இன்னும் நல்லது.

பல வருடம் ஓடிய மேசையில் சட்டமே தேய்ந்து பள்ளமாகியிருக்கும். டிராயர் தலை குனிந்து நிற்கும். தச்சுப் பட்டறையில் வெட்டி எறிந்த சன்மைக்கா துண்டு கிடைக்கும். விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். தேய்ந்த இடத்தில் வழவழப்பான பக்கம் மேலே தெரியும்படி ஒட்டுங்கள். உயரமும் சரியாகும். வழுக்கலும் கிடைக்கும்.

இரும்பு பீரோ என்றால் கதை வேறு. இரும்பு ஈரத்தால் பருப்பதில்லை. துருப்பிடிக்கும். கடலோர ஊரில் சீக்கிரமே பிடிக்கும். உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விடலாம். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

இப்போதைய பிளைவுட் மேசைகளில் பக்கவாட்டில் இரும்புச் சானல் வருகிறது. அதற்குள் சின்னக் குண்டுகள் உருளும். தலைமுடியும் தூசியும் உள்ளே சேர்ந்தால் கரகர என்று கேட்கும். பழைய துணியால் துடைத்து ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டால் போதும். குண்டுகள் உதிர்ந்துவிட்டால் சானலை மாற்ற வேண்டியதுதான். அங்குலக் கணக்கில் ஜோடியாக விற்கிறார்கள். பழையதைக் கையில் கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள். திருகாணி பிடிக்காமல் சுற்றுகிறதா? ஓட்டையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளைச் செருகி உடையுங்கள். மருந்து உள்ள தலையை முதலில் கிள்ளி எறிந்துவிடுங்கள். காய்ந்த பிறகு திருகாணியை முடுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

மழையில் இழைக்கலாமா?

தாராவி வீட்டு அம்மாவும் இதைத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, கையோட இழைப்புளி போட்டு ரெண்டு இழை இழைச்சிருங்க. இனிமே சிக்கவே சிக்காதுல்லா?"

"இப்ப இழைச்சா இப்ப சிக்காது. மார்ச் மாசம் வந்து பாரு. மரம் சுருங்கும். டிராயர் பல்லு விழுந்த கிழவன் வாய் மாதிரி ஆடும். சீவுன மரத்தைத் திருப்பி ஒட்ட முடியுமா?"

அவர் சொன்னது சரி. மழைக்காலத்தில் மரம் அதன் முழுப் பருமனில் இருக்கும். அந்த அளவுக்கு வசதியாக இருக்கும்படி நிறைய இழைத்துவிட்டால் வெயிலில் இடைவெளி பெரிதாகிவிடும். ஆகவே மழையில் மெழுகு மட்டும் தேயுங்கள். சாக்பீஸ் காட்டிய இடத்தில் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்க்கலாம். எங்கே, எவ்வளவு இடிக்கிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். மழை முடிந்து மரம் உலர்ந்த பிறகு ஆசாரியிடம் அந்தக் குறியைக் காட்டுங்கள். அவர் வேண்டிய அளவு மட்டும் இழைப்பார்.

அதே உலர்ந்த காலத்தில் இன்னொரு வேலையும் செய்யலாம். மேசையின் வெளிப்பக்கம் பாலிஷ் இருக்கும். டிராயரின் பக்கமும் முதுகும் வெறும் மரமாக இருக்கும். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. அங்கே மெல்லியதாக வார்னிஷ் அடித்தால் ஈரம் மெதுவாகத்தான் ஏறும். உரசும் விளிம்பில் மட்டும் அடிக்க வேண்டாம்.

ஆசாரியைக் கூப்பிட வேண்டிய வேளை எது? சட்டம் உடைந்திருந்தால் கூப்பிடுங்கள். டிராயரின் அடியில் மாவு போல மரத்தூள் கொட்டியிருந்தால் கூப்பிடுங்கள். அது வண்டு துளைத்த தூள். மண்ணால் கோடு போட்டது போல இருந்தால் கரையான். கரையான் மரத்தோடு காகிதத்தையும் தின்னும். அன்றைக்கே எல்லாக் காகிதத்தையும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். மேசையைச் சுவரை ஒட்டிப் போட வேண்டாம். நாலு விரல் தள்ளிப் போட்டால் பின்னால் குனிந்து பார்க்க முடியும். காற்றும் போகும்.

ஆசாரி வந்தால் 'டிராயர் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே உரசுகிறது, எந்த மாதத்தில் சிக்கியது என்று சொல்லுங்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இனி பொருள்களைத் திரும்ப வைக்க வேண்டும். காகிதங்களை பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். உறைக்குள் போடும்போது காகிதம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மேல் டிராயரில் வையுங்கள். மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் முதலில் நனைவது கீழ் டிராயர்தான்.

முக்கியமான காகிதங்களை நகல் எடுத்து உறவினர் வீட்டில் ஒரு கட்டு கொடுத்து வையுங்கள். டிராயரை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

அந்த மெழுகுவர்த்தித் துண்டையும் டிராயரின் ஓரத்திலேயே போட்டு வைக்கலாம். அடுத்த மழைக்கு முன்னால், மே மாதக் கடைசியில், மறுபடி ஒரு தடவை தேய்க்க வேண்டியிருக்கும்.